இரண்டு முழச் சுறா

ரொறன்ரோவில் அகதிகளின் கோரிக்கைகளை விசாரிக்கும் மன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றேன். சென்ற மாதம் நான் முன்பு பணியாற்றிய பிரிவினர் தம் கூட்டமொன்றிற்கு என்னை அழைத்திருந்தனர். விசாரணைகள் பெரும்பாலும் திரைவழியே நடைபெறும் காலம் இது. கூட்டத்திற் புதிய கருவியொன்றைக் காட்டினார்கள். பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அது. பேச்சிலுள்ள தடுமாற்றங்களையும், சொன்னதையே மீண்டும் சொல்வதையும், இடையில் திருத்திச் சொல்வதையும் அது தானே களைந்துவிடுமாம்.

“பாருங்கோ அங்கிள், எவ்வளவு கிளீனா வருது!” என்றாள் அருகிலிருந்த இளம் மொழிபெயர்ப்பாளர்.

பிக்கரிங்கிலுள்ள வீட்டிற்குத் திரும்பும் ரயிலில் அமர்ந்த பின்பும் ‘கிளீன்’ என்ற அச்சொல் என்னை விட்டு நீங்கவில்லை. அக்கருவி செய்யும் வேலையைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலக் காலையில் என் நாவினாலேயே நான் செய்திருக்கிறேன். அதன் விளைவைத் தாங்க நேர்ந்தவர் வேறொருவர். அவருடைய பெயரை மாற்றி, ஊரை மறைத்து, ஏனையவற்றை உள்ளபடி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வயல்கள் சூழ்ந்த ஊரொன்றிற் பிறந்தேன். இலக்கணத்தை முறையாகக் கற்றேன்; சில காலம் ஆங்கில ஆசிரியனாக இருந்தேன். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையிற் பெட்டிகள் அடுக்கினேன். பின்னர்த் தேர்வெழுதி இப்பணியிற் சேர்ந்தேன். பயிற்சியில் எமக்குக் கற்பித்தவை சிலவே. கோரிக்கையாளர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். எதையும் கூட்டலாகாது, எதையும் குறைக்கலாகாது. மன்றுக்கு வெளியே கோரிக்கையாளரோடு பேசலாகாது. தன் பிழையைத் தானே கண்டால் உடனே எழுந்து அதனைப் பதிவிற் சேர்க்கவேண்டும்.

இவற்றுள் எதையும் நான் மீறியதில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை, செப்பம் மட்டுமே செய்தேன். அது குற்றமென எனக்குத் தோன்றியதில்லை. எம்மவருட் பலர் அவ்வாறே எண்ணுவர். மேடையில் ஏறினாற் செந்தமிழ் பேசவேண்டும். அரசாங்கத்திற்கு எழுதினால் நல்ல ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அந்நியர் முன்னிலையில் நம்மவர் ஒருவர் கொச்சையாகத் தோன்ற விடலாகாது. இதனை மரியாதை என்றே எம் வீட்டிற் பழக்கினார்கள்.

நான் பெரிதும் மதித்த நடுவர் ஒருவர் அம்மன்றில் இருந்தார். உயர்ந்து மெலிந்த உருவம். மேசைமீது கூராகச் சீவிய பென்சில்கள் மூன்றும், அவற்றிற்கு இணையாக ஓர் அடிமட்டமும் எப்போதும் கிடக்கும். குரலை உயர்த்தமாட்டார், எவரையும் இடைமறிக்கமாட்டார். அவருடைய வாக்கியங்கள் நீண்டவை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதற்கு விதிவிலக்குக் கூறி, அவ்விதிவிலக்கிற்கும் ஒரு வரம்பிட்டு, ஓரிடத்திலும் வழுவாமற் கொண்டுவந்து முடிப்பார். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் தனியே சொல்லி நான் கேட்டதில்லை. கோப்பி வேண்டுமா என்று எழுத்தர் வினவினால், “மறுப்பதற்குக் காரணம் எதுவும் என்னிடம் இருப்பதாகத் தெரியவில்லை” என்பார். எழுத்தர் அதனை ஆம் எனக் கொண்டு கோப்பி கொண்டுவருவார்.

ஒருநாள் விசாரணை முடிந்து கோப்புகளைக் கட்டும்போது, மன்றிற் பேசப்படும் ஆங்கிலத்துள் என்னுடையதே கேட்க இனியது என்று அவர் சொன்னார். அன்று மாலை மனைவியிடம் அதனை இருமுறை சொன்னேன். அதன்பின் அவர் முன்னிலையில் நிற்கும் நாட்களில் என் ஆங்கிலம் மேலும் ஒரு முழம் உயர்ந்தது.

சூசைமுத்துவின் கோரிக்கை அவரிடமே வந்தது.

சூசைமுத்து வடகடற்கரையைச் சேர்ந்த மீனவர். நாற்பது வயதைக் கடந்தவர். யாரோ கொடுத்த பெரிய கோட்டொன்றை அணிந்திருந்தார். மனைவியும் மகளும் இந்தியாவில் ஒரு முகாமில் இருந்தனர். கோரிக்கை ஏற்கப்பட்டால் அவர்களை இங்கே அழைக்கலாம். மறுக்கப்பட்டால், தம்மைச் சிறைவைத்து அடித்தவர்களின் கைக்கே அவர் திரும்பவேண்டும். அவருடைய வழக்கறிஞர் இங்கேயே பிறந்து யூனியன்விலில் வளர்ந்த இளம்பெண். அவள் தமிழை ஓரளவு விளங்கிக்கொள்வாள், பேசத் தயங்குவாள்.

சத்தியப்பிரமாணத்தை நான் தமிழில் வாசித்தேன். அதனைத் தமிழாக்கியவனும் நானே. “மெய்யன்றிப் பிறிதெதனையும் உரையேன்” என்று முடியும் அது. சூசைமுத்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா, உது பூசையிலை சொல்லுறது மாதிரிக் கிடக்கு. உண்மை சொல்லவேணுமெண்டா நான் சொல்லுவன்.”

நான் நடுவரை நோக்கி, “அவ்வாறே உறுதியளிக்கிறேன்” என்று ஆங்கிலத்திற் கூறினேன். அன்றைய என் முதற்பிழை அது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

வழக்கின் முடிச்சு எளிது. கடலில் வள்ளம் இறக்கப் படையினர் தடை விதித்திருந்த காலம். ஒருநாள் விடியற்பொழுதிற் சூசைமுத்துவைக் கரையிற் பிடித்தார்கள். அவருடைய இடது முன்கையில் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. கடல்வழியே காயத்துடன் வந்திறங்கிய போராளி என்று ஐயுற்றுக் கொண்டுசென்றார்கள். சுறா பிடிக்கச் சென்றேன், சுறா கடித்தது என்று அவர் சொன்னதை எவரும் நம்பவில்லை. இப்போது அதே கதையை ரொறன்ரோ நகரின் நடுவே, பதினான்காம் மாடியில், நடுவர் நம்பவேண்டும். நம்பினால் அவர் காரணமின்றித் துன்புறுத்தப்பட்டவர். நம்பாவிட்டால் முழுக்கதையும் பொய்.

நடுவர் கேட்டார்: “சுறா பிடிக்கும் தொழில் செய்ததாகக் கூறும் நீங்கள், வள்ளம் எதுவும் இல்லாமல் அத்தொழிலை எவ்வாறு செய்தீர்கள் என்பதை விளக்க இயலுமா?”

சூசைமுத்து சிறிது சிரித்தார். “அவங்களும் உதைத்தான் ஐயா முதல் கேட்டவங்கள். எங்கையடா வள்ளம், எங்கையடா வள்ளம் எண்டு. வள்ளம் இல்லை ஐயா. கரையிலை நிண்டுதான். இடுப்பளவு தண்ணியிலை இறங்கி எறிவன். தங்கூசி நூல், நுனியிலை ஒரு சாண் கம்பி. கம்பி இல்லாட்டிப் பல்லாலை அறுத்துப்போடும். இரைக்குக் கணவாய்... இல்லை, இல்லை, அண்டைக்குக் கணவாய் கிடைக்கேல்லை. சூடை மீன், பாதியா வெட்டினது. நீங்கள் நினைக்கிற பெரிய சுறா இல்லை ஐயா, பால் சுறா. ரண்டு முழம் வரும். வாடைக் காத்து முடிய, குட்டி போடக் கரைக்கு வரும். மற்ற மீன் கொத்தும். இது கொத்தாது, கொண்டு ஓடும். ஓட விடவேணும். உடனை இழுத்தால் போச்சு.”

நானோ வயற்காட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டிற் பிள்ளை பெற்றவர்களுக்குச் சுறா வறை ஆக்குவார்கள். சுறாவை நான் அறிந்தது அந்தத் தட்டில் மட்டுமே. ஆயினும் அவர் கூறியதைக் கேட்ட மாத்திரத்தில் என் மனம் அதனை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. நான் ஆங்கிலத்திற் கூறியதை அதே நடையில் தமிழிற் சொல்வதானால் இவ்வாறு அமையும்: “படகு எதுவும் இன்மையால் யான் கரையினின்றே தொழில் புரிந்தேன். தூண்டிற்கயிற்றின் முனையில் உலோக இழை இணைக்கப்படும். அன்றேல் அம்மீன் தன் பற்களாற் கயிற்றைத் துண்டிக்கும். சிறுமீன்களின் துண்டங்களே இரை. இனப்பெருக்கத்தின்பொருட்டு ஆழங்குறைந்த நீரை நாடிவரும் இச்சிறு சுறாக்கள், இரையைக் கவ்வியதும் விரைந்தோடும் இயல்பின.”

படையினர் கேட்ட கேள்வியை இதன்பின் இறுதியில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டேன். கணவாய் என்று தொடங்கிச் சூடை என்று திருத்தியதை விட்டுவிட்டேன். திருத்திய பின் பழையது எதற்கு என்று எண்ணினேன்.

நடுவர் பென்சிலை எடுத்து ஏதோ குறித்தார். பின் தழும்பைப் பற்றிக் கேட்டார். சூசைமுத்து கோட்டுக்கையை மேலே தள்ளினார். முன்கையிற் பிறைவடிவில் ஒரு தழும்பு தெரிந்தது.

“இதைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு ஐயா. நான்தான் பிழை விட்டனான். சுறாவை வாலிலை பிடிக்கப்படாதெண்டு எங்கடை ஊரிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கரையிலை இழுத்துப்போட்டு, தலைக்குப் பின்னாலை முழங்காலாலை அமத்தவேணும். அண்டைக்கு ஆமி வாற சத்தம் கேட்டிட்டுது. தூக்கிக்கொண்டு ஓடுவமெண்டு அவசரத்திலை வாலைப் பிடிச்சிட்டன். அதுக்கு எலும்பில்லை ஐயா, அப்பிடியே வளைஞ்சு வந்து கவ்விச்சு. என்ரை தகப்பன் இருந்திருந்தா ஆமிக்கு முதல் அவர் அடிச்சிருப்பார்.”

அவர் வெட்கத்தோடு குனிந்தார். ஒரு மனிதரின் வெட்கத்தை அவையில் விரித்துரைப்பது பண்பன்று எனக் கருதினேன். “அவ்வினத்தின் உடலில் எலும்பு இன்மையால், வாலைப் பற்றியவர்மீது அது வளைந்து பாய வல்லது, அவ்வாறே யான் காயமுற்றேன்” என்று முடித்தேன்.

நடுவர் பென்சிலை மற்ற இரண்டிற்கும் இணையாக வைத்தார், வழக்கறிஞரை நோக்கினார்.

“உங்கள் கட்சிக்காரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் எனப் படிவம் கூறுகிறது. நான் இதுவரை கேட்டதோ, மீன்களைப் பற்றிய நூலொன்றின் பக்கத்தை ஒருவர் தடையின்றி ஒப்புவிப்பதைப் போன்றிருக்கிறது. இவர் தம் நினைவிலிருந்து பேசுகிறாரா, எவரோ ஆயத்தம்செய்து கொடுத்ததிலிருந்து பேசுகிறாரா என்று நான் ஐயுறாதிருக்கத் தக்க காரணமொன்றைக் கூறுவீர்களாயின் நன்றியுடையேன். பதினைந்து நிமிடங்கள் தருகிறேன்.”

அதனையும் நானே சூசைமுத்துவுக்குத் தமிழிற் கூறவேண்டியிருந்தது. நடுவரின் நடை குன்றாமற் கூறினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவரின் முகம் மாறியது மட்டுமே விளங்கியது.

நடைகூடத்திற் குடிநீர்க் குழாயருகே சூசைமுத்து என்னை வந்தடைந்தார். வழக்கறிஞர் தொலைவில் நின்று தன் தாள்களைப் பதற்றத்துடன் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, நான் என்ன பிழை விட்டனான்? அவர் ஏன் முகத்தைச் சுழிச்சவர்?”

“உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். நான் உங்களோடு பேசலாகாது.”

“அந்தப் பிள்ளைக்குத் தமிழ் அரைவாசிதான் விளங்கும். உங்களுக்குத்தானே ஐயா முழுக்க விளங்கினது.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விதி அது, விதி எனக்கு அப்போது வசதியாகவும் இருந்தது. ஆனால் அவர் கூறியது உண்மை. அக்கட்டடத்தில் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டவன் நான் ஒருவனே. நடுவர் கேட்டது அவர் பேச்சையன்று, என் பேச்சை. ‘இல்லை, இல்லை, சூடை’ என்று அவர் தடுமாறிய இடத்திற்றான் நினைவு தன் வேலையைச் செய்திருந்தது. அதனை நான் குப்பையென ஒதுக்கினேன். ஒப்புவிப்பவன் தடுமாறுவதில்லை, நான் அவரைத் தடுமாற விடவில்லை. எவரும் ஆயத்தம்செய்து கொடுக்கவில்லை என்று வழக்கறிஞர் எத்துணை வாதாடினாலும், பதிவிலுள்ள ஆங்கிலம் அவளுக்கு எதிராகவே சான்று கூறும்.

எழுந்து சொன்னால் என் தகுதி மறுபரிசீலனைக்கு உள்ளாகும் என்பதை அறிவேன். பின்னர் அவ்வாறே ஆயிற்று. சில மாதங்கள் விசாரணைக்கு நான் அழைக்கப்படவில்லை; பழைய பதிவுகள் பலவற்றை ஒருவர் என்னோடு அமர்ந்து ஒப்புநோக்கினார். அது முறையே. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடங்களில் என்னை வருத்தியது அந்த அச்சமன்று. என் ஆங்கிலம் இனியதென்று கூறிய மனிதரிடம், அதுவே பிழையென்று என் வாயாற் சொல்லவேண்டியிருந்தது.

மன்று மீண்டும் கூடியதும் எழுந்து, மன்றின் முறைப்படி என்னைப் படர்க்கையிற் குறித்துச் சொன்னேன்:

“மொழிபெயர்ப்பாளர் தம் பிழையொன்றைப் பதிவிற் சேர்க்க இசைவு கோருகிறார்.”

“எந்த விடையில்?”

“எல்லா விடைகளிலும்.”

நடுவர் தம் குறிப்புகளைப் புரட்டினார். பின், “இன்று நான் கேட்டவற்றுள் எவ்வளவு அவருடையது, எவ்வளவு உங்களுடையது?” என்றார். அவர் அத்துணைச் சுருக்கமாகக் கேட்டது எனக்கு அச்சத்தைத் தந்தது.

“செய்திகள் அவருடையவை. சொற்கள் என்னுடையவை. அவர் தயங்கிய இடங்களையும், திருத்திய இடங்களையும், வெட்கப்பட்ட இடத்தையும் நான் விட்டுவிட்டேன். அவர் என்னைப்போற் பேசுபவர் அல்லர்.”

வழக்கறிஞர் என்பக்கம் திரும்பி, தான் மன்றில் இருப்பதையும் மறந்து, தாழ்ந்த குரலிற் கூறினாள்: “எனக்கும் ஏதோ சரியில்லை எண்டு விளங்கினது அங்கிள். நீங்கள் பெரிய ஆள், உங்கடை மொழிபெயர்ப்பிலை நான் எப்பிடிப் பிழை சொல்லுறது?”

அவளை நான் நொந்துகொள்ளவில்லை. அவளும் அதே மரியாதையிற்றான் வளர்ந்திருந்தாள்.

நடுவர் வேறொரு நாளுக்கு, வேறொரு மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றலாமா என்று வழக்கறிஞரை வினவினார். மாற்றினால் மாதங்கள் செல்லும். சூசைமுத்துவிடம் கேட்டேன், இம்முறை ஒவ்வொரு சொல்லையும் இறக்கிவைத்துக் கேட்டேன். அவர் நடுவரைப் பார்த்து, “இவரே இருக்கட்டும் ஐயா. இப்ப இவர் நான் சொல்லுறதைக் கேக்கிறார்” என்றார். அதனையும் அப்படியே ஆங்கிலத்திற் சொன்னேன்.

காலையின் விடைகள் நீக்கப்பட்டன. நடுவர் முதற்கேள்வியிலிருந்து தொடங்கினார். நான் குட்டை ஆங்கிலத்திற் பேசினேன். ‘இல்லை, இல்லை’ என்று அவர் சொன்னபோது ‘இல்லை, இல்லை’ என்றேன். இம்முறை அவர் இரையைப் பற்றிப் பேசும்போது, கணவாய் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு மைத்துனரோடு நடந்த ஒரு சண்டையையும் சொன்னார். கேட்காத அக்கதையையும் விடாது சொன்னேன். நடுவர் இடைமறிக்கவில்லை.

“இரண்டு முழம் என்பது எவ்வளவு?”

சூசைமுத்து எழுந்து முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, விரல்நுனிவரை ஒருமுறை, மீண்டும் ஒருமுறை அளந்தார். நடுவர் அடிமட்டத்துடன் தம் ஆசனத்தை விட்டு இறங்கிவந்தார். எத்தனை ஆண்டுகளாகவோ அந்த அடிமட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அது எதையேனும் அளந்ததை அன்றுதான் கண்டேன். ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு என்று பதிவிற் சேர்த்தார்.

“வாலைப் பிடித்தவரின் முன்கையை அது எவ்வாறு கடிக்கும்?”

சூசைமுத்து கோட்டைக் கழற்றினார். நீளமாகச் சுருட்டி, ஒரு முனையை வலக்கையிற் பற்றித் தூக்கினார். “இது வால். இப்பிடித் தூக்கினன். மற்றக் கை வயித்துக்குக் கீழை தாங்கப் போனது.” கையைச் சுழற்றினார். தொங்கிய முனை வளைந்து வந்து இடது முன்கையில் அடித்தது. தழும்பின்மேல் விழுந்தது. அவர் அதனைப் பார்த்துத் தலையை அசைத்தார். “மடையன் வேலை ஐயா. தொழில் தெரிஞ்சவன் செய்யிற வேலை இல்லை. உதைவிட நான் இயக்கக்காரன் எண்டு சொல்லியிருந்தாலும் மரியாதையாப் போயிருக்கும்.”

ஒன்றும் விடாது, அந்த வெட்கத்தையும் விடாது, ஆங்கிலத்திற் கூறினேன். நடுவர் எழுதுவதை நிறுத்தி அவரையே பார்த்தார். தன் தொழிலுக்கே இழுக்கான ஒரு பிழையை எவரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லார் என்பதை அவர் பின்னர்த் தம் தீர்ப்பில் ஓர் இடத்திற் குறித்தார்.

தீர்ப்பை அன்றே வழங்குவதாகக் கூறி, அரைமணி நேரத்தின்பின் திரும்பிவந்து வாசித்தார். நீண்ட தீர்ப்பு; அவருக்கே உரிய நடை. இங்கே எனக்கொரு சோதனை இருந்தது. அவர் உயர்ந்த நடையிற் பேசினால் நானும் உயர்ந்த நடையிற்றான் சொல்லவேண்டும். அவருடைய சொல்லை எளிதாக்க எனக்கு உரிமையில்லை. காலையிற் கற்ற பாடம் இருபுறமும் வெட்டியது. எனவே உள்ளபடி சொன்னேன்: “கோரிக்கையாளர் தம் நாட்டிற்குத் திரும்பின் துன்புறுத்தப்படுவார் என அஞ்சுதற்குத் தக்க காரணங்கள் உண்டெனவும், ஆகலின் அவர் ஏதிலி என்னும் தகைமைக்கு உரியவர் எனவும் இம்மன்று துணிகின்றது.”

சூசைமுத்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் நடுவரைப் பார்த்தார். சுருட்டிய கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“ஐயா, ஓமோ, இல்லையோ?”

அதனை நான் விளக்கவில்லை, மென்மைப்படுத்தவுமில்லை. நடுவரை நோக்கி, அக்கேள்வி தமிழில் எத்துணைக் குறுகியதோ அத்துணைக் குறுக்கமாகவே ஆங்கிலத்திற் கேட்டேன்.

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். என்னைப் பாராது சூசைமுத்துவையே பார்த்து, ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல்லைச் சொன்னார்.

நான் அதனைத் தமிழிற் சொன்னேன்.

“ஓம்.”